பார்க்கிற பிள்ளை

மாவுச் சாக்கின் வாயில் ஓடுகிற தையலுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்றைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும். மற்றதைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே மூச்சில் சாக்கு வாய் திறந்துவிடும். நூலும் அறுபடாமல் கைக்கு வந்துவிடும். மூத்தவள் மெத்தை தைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கண்ணை மூடிக்கொண்டே சரியான முனையைக் கண்டுபிடிப்பாள். பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்தவர்கள் எல்லோரும் நிவாரண லாரியில் வந்த சாக்குகளைக் காலி செய்ததும் அவளிடம்தான் கொண்டுவந்தார்கள். அவள் அவற்றைப் பிரித்து விரித்து, அதே நூலால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துத் திரையாக்கிக் கொடுப்பாள். ஒரு வகுப்பறைக்குள் பல வீடுகள் அப்படித்தான் உண்டாயின.

அன்றைக்கு அவள் தைத்தது தனக்காக. தனக்கும் தன் ஓரகத்திக்கும் நடுவில் கட்டுவதற்காக.

"என்னம்மா இது, அடுப்பு ஒண்ணு, நடுவுல சுவர் ஒண்ணா?" என்று கேட்டார் கரும்பலகைக்குக் கீழே குடியிருந்த கண்டக்டர். பஸ் இல்லாமல் போய் வெகுநாளாகியும், குழாயடி வரிசையில் நின்றால் "முன்னாடி இடம் இருக்கு, நகருங்க நகருங்க" என்று குரல் கொடுக்காமல் அவரால் இருக்க முடியாது.

"காத்துக்குத்தான் மாமா."

"காத்து வரதுக்கா, வராம இருக்கிறதுக்கா?"

மூத்தவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

சண்டை ஆற்றைத் தாண்டி அவர்கள் தெருவுக்கு வந்த அன்று அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் பெண்களையும் பிள்ளைகளையும் டிராக்டரில் ஏற்றிவிட்டார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருகிறோம் என்றார்கள். அதற்குள் பாலம் உடைந்துவிட்டது. எப்போதாவது யாராவது சுற்றுவழியில் வந்து, "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, கடை மாடியிலயே படுத்துக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சாயங்காலங்களில் ஆற்றுப் பக்கமிருந்து, வெகு தூரத்தில் யாரோ மெத்தையைத் தடியால் அடித்துத் தூசி தட்டுவது போலத் தொம் தொம் என்று சத்தம் வரும். முதலில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பிறகு பேசிக்கொண்டே கேட்டார்கள்.

மூத்தவளுக்கு ஒரு மகன். பல வருஷம் காத்திருந்து பெற்றவன். பிறந்தபோது இருந்த கன்னத்துக்காகப் பூசணி என்று பேர் விழுந்துவிட்டது. இளையவளுக்கு ஒரு மகள், சிட்டு. இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். இளையவள் வந்த வேகத்திலேயே பெற்றுக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே அப்படித்தான். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் காலியாகும். குழாயடியில் அவள் வாளியை வைக்கிற நேரம் பார்த்துத்தான் தண்ணீர் வரும். கேட்டு வாங்கத் தெரியாதவளுக்குக் கேட்காமலே கிடைப்பதை மூத்தவள் கல்யாணமான புதிதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வருவதும் காற்றடித்துக் கலைந்துபோவதுமாக இருந்த மாதத்தில் லாரிகள் குறைந்தன. பாதையில் எங்கோ மறிக்கிறார்கள் என்றார்கள். கிடைத்த அரிசியும் பருப்பும் பாதியாயின. கஞ்சியில் முகம் பார்க்கலாம் போல ஆனது. அப்போதுதான் விளையாட்டுத் திடலில் கூடாரம் போட்டு, பிள்ளைகளின் கையை அளக்க ஒருத்தி வந்தாள். நீல மேல்சட்டை போட்டிருப்பாள். தோளுக்குக் கீழே, சதைப்பற்றான இடத்தில் ஒரு நாடாவைச் சுற்றி இழுப்பாள். நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். நல்ல கை பச்சையில் நிற்கும். மெலியத் தொடங்கிய கை மஞ்சளில் நிற்கும். எலும்பாய்ப் போன கை சிவப்பில் நிற்கும். அவளுக்கு நாடாக்காரி என்று பேர் வைத்தவர் கண்டக்டர்தான்.

சிட்டுவின் கை சிவப்பில் நின்றது. பூசணியின் கை பச்சையில் நின்றது.

"உங்க பையன் நல்லா இருக்கான்மா. கூட்டிட்டுப் போங்க" என்றாள் நாடாக்காரி.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சந்தோஷப்படுங்க."

மூத்தவள் சந்தோஷப்படத்தான் பார்த்தாள். ஆனால் பரீட்சையில் தேறிய பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டுத் தேறாத பிள்ளைக்குப் பரிசு கொடுத்ததுபோல இருந்தது. இளையவளின் மடி நிறைய வெள்ளி நிறப் பாக்கெட்டுகள். உள்ளே வேர்க்கடலையையும் பாலையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்த விழுது. கூடவே சோப்பு, கொசுவலை.

"இது மருந்து மாதிரி. இவளுக்கு மட்டும்தான். வேற யாருக்காவது பங்கு வெச்சீங்கன்னா ஒருத்தரும் தேற மாட்டாங்க" என்று சொல்லிக் கொடுத்த நாடாக்காரி, குனிந்து இளையவளின் முகத்தைப் பார்த்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

மூத்தவளின் நெஞ்சில் போய்க் குத்தியது அந்தக் கேள்விதான். பாக்கெட்டைக்கூட மறந்துவிடலாம். ஆற்றைத் தாண்டி வந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து காலை மாலை அவள் பார்க்க வேண்டியிருந்தது. இளையவள் பாக்கெட்டை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பிசைவாள். மூலையைக் கிழித்துச் சிட்டுவின் உதட்டில் வைத்து மெல்ல அழுத்துவாள். வறுத்த கடலை வாசனை பாய் முழுக்கப் பரவும். பச்சைக் கைக்காரனான பூசணி விரலைச் சூப்பிக்கொண்டு எதிரில் நிற்பான். மூத்தவள் அவனை இழுத்து முகத்தைத் திருப்புவாள். திருப்பிய முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும்.

அதனால்தான் திரை.

திரை கட்டிய பிறகு மூத்தவளுக்குக் கண் கொஞ்சம் ஆறியது. மூக்குதான் ஆறவில்லை. அந்த வாசனை சாக்கின் இழைகளுக்குள் புகுந்து வந்தது. ராத்திரி பூசணியை அணைத்துப் படுத்தால் அவன் மூச்சிலும் அதே வாசனை அடிப்பதுபோல இருந்தது. 'எனக்குத்தான் பித்துப் பிடிக்குது' என்று நினைத்துக்கொள்வாள். பூசணி திரையைத் தூக்கிக்கொண்டு அடிவழியாகத் தவழ்ந்து, "சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று பெரிய மனிதன்போலச் சொல்லிவிட்டுப் போவான். போகட்டும், விளையாடிவிட்டு வரட்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குள் என்ன பகை?

குழாயடியில் மற்றப் பெண்கள் கேட்பார்கள்.

"உன் பிள்ளைக்கு மட்டும் என்னடி போடுறே? இந்தக் கஞ்சியிலயும் கன்னம் வத்தலையே!"

"என் பால் அப்படி" என்பாள் மூத்தவள், வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "ரொம்ப நாள் குடிச்சவன்."

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு அறை வரைக்கும் வருகிற தூரம் மட்டும் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்படவில்லை.

ஒரு காற்றில் கூடாரத்தின் பக்கத் துணி கிழிந்தது. தைத்துத் தர முடியுமா என்று நாடாக்காரி கேட்டனுப்பினாள். மூத்தவள் கோணி ஊசியோடு போய் வெளியே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இளையவளின் முறை வந்திருந்தது.

"எடை ஏறவே இல்லையேம்மா. வாந்தி எடுக்கிறாளா?"

"இல்ல."

"வயித்தால போகுதா?"

"இல்ல."

"பாக்கெட்ட முழுசா சாப்பிடுறாளா?"

இளையவள் உடனே பதில் சொல்லவில்லை. "சாப்பிடுறா" என்றாள் பிறகு.

அந்தச் சின்ன இடைவெளியில் மூத்தவளின் ஊசி நின்றது. ஓர் ஓட்டை கிடைத்துவிட்டது என்று அவளுக்குள் எதுவோ எழுந்து உட்கார்ந்தது. இளையவள் போன பிறகு நாடாக்காரி வெளியே வந்து தையலைத் தடவிப் பார்த்தாள்.

"அழகா தைக்கிறீங்கம்மா."

"ஒண்ணு சொல்லட்டா? நான் சொன்னேன்னு தெரியக் கூடாது."

"சொல்லுங்க."

"பாக்கெட்டு முழுசும் பிள்ளை வாய்க்குப் போறதில்ல."

"பின்ன?"

"தாய்க்கும் ஒரு வாய் இருக்குல்ல?"

நாடாக்காரி தையலிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? ஒரே அடுப்புல பொங்கித் தின்கிறவளுக்குத் தெரியாதா?"

"பசிதான், என்னத்தச் சொல்ல" என்று பெருமூச்சு விட்டாள் நாடாக்காரி. "திட்டவும் மனசு வரலை."

திருட்டுப் பட்டம் கட்டினால்கூட இவளுக்கு இரக்கம்தான் கிடைக்கிறதே என்று மூத்தவளுக்கு ஆத்திரமாக வந்தது. கடைசித் தையலை வேண்டுமென்றே நெருக்கிப் போட்டாள்.

மறுநாளிலிருந்து சிட்டுவைக் கூடாரத்துக்கே கூட்டிவந்து நாடாக்காரியின் கண் முன்னால்தான் ஊட்ட வேண்டும், காலிப் பாக்கெட்டை அங்கேயே போட்டுவிட வேண்டும் என்று ஆயிற்று. இளையவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கையில் பாக்கெட்டே இல்லாமல் திரும்பிவந்த அன்று ஒரே ஒரு காரியம் செய்தாள். திடலில் கிடந்த செங்கற்களைப் பொறுக்கி வந்து திரையின் அடியில் வரிசையாகப் பாரம் வைத்தாள். இனி யாரும் தூக்க முடியாது.

'ரோஷம் பொத்துக்கிட்டு வருது' என்று மூத்தவள் இந்தப் பக்கமிருந்து நினைத்துக்கொண்டாள்.

பூசணிக்கு அது புரியவில்லை. சாக்கில் முகத்தை வைத்து அழுத்தி, "சித்தி, திற" என்பான். அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும், பதில் வராது. இரண்டொரு நாள் அழுதான். பிறகு அழவும் சோம்பல்பட்டவனாகச் சுருண்டு படுக்க ஆரம்பித்தான். கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மறந்துவிடுவான். பாதையில் சண்டை நடந்து லாரி வராமல் போன வாரத்தில் அவன் கன்னத்து எலும்பு தெரிந்தது. குழாயடியில் யாரும் இப்போது எதையும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள்.

கண்டக்டர்தான் வந்து சொன்னார். "உன் பையன் கூடாரத்துக்குப் பின்னால குப்பைக் குழியண்ட உட்கார்ந்திருக்கான்மா. கூப்பிட்டா இறங்க மாட்டேங்கிறான். டிக்கெட் வாங்கினவன் மாதிரி இருக்கான்."

மூத்தவள் போனாள். பூசணி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு காலிப் பாக்கெட். அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு மூலையை வாயில் வைத்து, இரண்டு விரலால் அடியிலிருந்து பிடித்துப் பிடித்து மேலே கொண்டுவந்தான். எதுவும் வரவில்லை. பாக்கெட்டைத் திருப்பி மறுபடி பிசைந்தான். தையல்காரன் ஊசியில் நூல் கோக்கிற மாதிரிக் கை தானாகச் செய்துகொண்டிருந்தது. ஒரு நாளில் வருகிற பழக்கமில்லை அது.

"என்னடா பண்றே?"

"பிசையணும்மா. அப்பத்தான் வரும்."

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"சித்தி." அவன் பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். "சிட்டுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய். இப்ப சித்தி வீடு பூட்டிக்கிச்சு."

மூத்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்கு வந்தது நன்றியல்ல. குழாயடியில் வாளியை இடுப்பில் ஏற்றியபடி 'என் பால் அப்படி' என்று சொன்ன தன் குரல்தான் காதில் கேட்டது. அந்தக் கன்னமும் அவளுடையதில்லை. அதையும் இளையவளே கொடுத்திருக்கிறாள். இதில்கூட அவள்தான் முந்தியா என்று ஒரு நெருப்பு கிளம்பியது; அது அடங்குகிற வரைக்கும் பூசணியின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அவள் அறைக்குப் போனபோது இளையவள் ஜன்னலடியில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சிட்டு பக்கத்தில் தூங்கினாள். மூத்தவள் திரையைச் சுற்றிப் போய் எதிரில் உட்கார்ந்து, தட்டின் மறுபாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானும் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள், தலையைத் தூக்காமல்.

இளையவளுக்கு எதைக் கேட்கிறாள் என்று விளங்கிவிட்டது. "சொன்னா விடுவியாக்கா? வாங்கிக்க மாட்டே. என் பிள்ளை என்ன பிச்சைக்காரனான்னு கேட்டிருப்பே."

"கேட்டிருப்பேன்தான்."

"திரைக்கு அடியில தலைய மட்டும் நீட்டிக்கிட்டுப் பார்ப்பான். ஆமை மாதிரி. ஒரு பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கிறப்ப இன்னொரு பிள்ளைக்கு எப்படிக்கா தனியா ஊட்டுறது? நம்ம வீட்டுல யாராவது செஞ்சிருக்கோமா?"

"மருந்துன்னு சொன்னாளே."

"அவ சொன்னா. அவ முன்னாடி இவன் வந்து நின்னிருந்தா அவளும் குடுத்திருப்பா."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கல் பொறுக்கினார்கள். ஆற்றுப் பக்கம் சத்தம் கேட்டு நின்றது.

"முழுசும் பாசம்னு நெனச்சுக்காதே" என்றாள் இளையவள் திடீரென்று. "உண்மையச் சொல்லட்டா? அவன் கை பச்சையில நின்னுச்சுல்ல, அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஒரே அடுப்பு, ஒரே கஞ்சி. உன் பிள்ளைக்கு மட்டும் ஒட்டுது, என் பிள்ளைக்கு ஏன் ஒட்டலைன்னு. நீ குழாயடியில பெருமை பேசுவே, பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். அவனைப் பார்க்கிறப்பல்லாம் எரியும். எங்க என் கண்ணு பட்டு அவனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கும். அதனால ஒரு வாய் குடுப்பேன். குடுத்தா கொஞ்சம் அடங்கும்."

"உனக்கா எரிஞ்சுது?"

"ஏன், உனக்கு மட்டும்தான் எரியணும்னு எழுதி வெச்சிருக்கா?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்தது. "அவகிட்டச் சொன்னது நான்தான்டி."

"தெரியும். பாதி தூரம் போயிட்டேன். சோப்ப மறந்துட்டு வந்துட்டோமேன்னு திரும்பி வந்தேன். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"அங்கயே என் முடியப் பிடிச்சிருக்கலாம்ல?"

"பிடிச்சா என்ன கேப்பே? அப்ப பாக்கெட்டு எங்க போச்சுன்னு கேப்பே. பூசணிக்குத்தான் போச்சுன்னு சொன்னா, அந்த ஒரு வாயும் நின்னுடும்னு வாய மூடிக்கிட்டேன். அப்படியும் நின்னுதான் போச்சு. வெறுங்கையோட அவன் முகத்தப் பார்க்க முடியாமத்தான் செங்கல்ல வெச்சேன்." இளையவள் ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். "நீ நினைச்ச மாதிரி நான் ஒரு நாளும் வாயில வெக்கலக்கா. விரல்ல ஒட்டுனத நக்கியிருக்கேன். அதையும் சொல்லிட்டேன்."

"நக்கினா என்ன? நக்கித்தான் தொலையேன்" என்றாள் மூத்தவள். கண்ணைத் துடைக்கிற சாக்கில் முகத்தை முழுக்கத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த அளவெடுப்பில் சிட்டுவின் கை மஞ்சளுக்கு ஏறியிருந்தது. "பார்த்தியாம்மா, முழுசா சாப்பிட்டதும் தேறிட்டா" என்றாள் நாடாக்காரி. இளையவள் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு பூசணியின் முறை. நாடா அவன் கையைச் சுற்றி இறுகி, பச்சையைத் தாண்டி, மஞ்சளில் நின்றது. நாடாக்காரி அலுமினியப் பெட்டியைத் திறந்து அவனுக்கான பாக்கெட்டுகளை எடுத்தாள். மூத்தவளின் மடியில் அவை ஒவ்வொன்றாக விழுந்தன. எத்தனை நாள் ஆசைப்பட்ட கனம் அது. வரிசையில் அடுத்து நின்ற ஒரு தாய், பச்சைக் கைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மடியையே பார்த்தாள். அந்தப் பார்வையை மூத்தவளுக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தன்னையே பார்த்தால்கூட அவ்வளவு அடையாளம் தெரிந்திருக்காது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள் நாடாக்காரி.

மூத்தவள் முந்தானைக்குள் பாக்கெட்டுகளை எண்ணுவதுபோலத் தடவினாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது..." என்று நாடாக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"பொய்" என்றாள் மூத்தவள் சத்தமாக, கூடாரமே கேட்கும்படி. "அவ ஒரு வாய் தின்னதில்ல. என் பிள்ளைக்குத்தான் குடுத்திருக்கா. எனக்கு அவ மேல பொறாமை."

நாடாக்காரி ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தாள். "சரி. இனிமே ரெண்டு பிள்ளைக்கும் தனித்தனியா பாக்கெட் இருக்கு. அவன் பாக்கெட் அவனுக்கு, அவ பாக்கெட் அவளுக்கு. ரெண்டையும் என் முன்னாடியே குடுங்க. பாசத்துல மாத்தி ஊட்டிடாதீங்க. கேட்டுக்கிட்டீங்களா?"

"பாசமா?" என்றாள் இளையவள். "அதெல்லாம் எங்களுக்குள்ள இல்ல."

அன்று சாயங்காலம் மூத்தவள் செங்கற்களை ஒதுக்கித் திரையை அவிழ்த்தாள். அப்போதுதான் டிராக்டரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் வராந்தாவில் மறைவில்லாமல் கிடந்தது. அவர்களிடம் கொடுத்தனுப்பினாள்.

"என்னம்மா, சுவர் போச்சா?" என்றார் கண்டக்டர்.

"காத்து வரலை மாமா."

மறுநாள் காலை கூடாரத்தில், தார்ப்பாயின் மேல் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மூத்தவள் பூசணியின் பாக்கெட்டைப் பிசைந்து கிழித்து அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுந்து போய் இளையவளின் மடியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்தான். மடி பறிபோன சிட்டு தத்தித் தத்தி வந்து மூத்தவளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்க மட்டும் குகை மாதிரி திறக்கிறான் பாரு" என்றாள் மூத்தவள். "நான் என்ன விஷமா வெச்சிருக்கேன்?"

"பழக்கம்க்கா. குடு இப்படி."

பாக்கெட்டுகள் கை மாறின. சிட்டுவைத் தூக்கி மடியில் வைத்தபோது மூத்தவளுக்கு உள்ளே சுருக்கென்றது. ஒரு பறவையைத் தூக்கியது போலத்தான் இருந்தது. தினமும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை இவ்வளவு லேசா? சிட்டுவின் உதட்டில் மூலையை வைத்து மெல்ல அழுத்தினாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு இழுத்தது. கடலை வாசனை அவள் விரலில் ஏறியது.

எதிரில் பூசணி சித்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கிக்கொண்டிருந்தான். அவன் பாக்கெட் பாதிக்குமேல் சப்பையாகிவிட்டது. பழைய எரிச்சல் மூத்தவளுக்குள் மெல்லத் தலையைத் தூக்கியது. அவள் சிட்டுவின் பாக்கெட்டை அடியிலிருந்து இரண்டு விரலால் பிடித்து, வேகவேகமாக மேலே ஏற்ற ஆரம்பித்தாள்.

"என்னக்கா, போட்டியா?" என்றாள் இளையவள்.

"பின்ன?" என்றாள் மூத்தவள். "என் பொண்ணுதான் முதல்ல முடிப்பா, பாரு."